பன்னிரண்டு லட்சத்தின் விளிம்பில் நிற்கும் தோழர்களே!

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஆசிரியத் தோழர்களே! சின்னசேலம், சங்கராபுரம், ரிஷிவந்தியம், தியாகதுருகம் ஒன்றியத்துக்காரர்களே! வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் பஸ் ஏறிப்போய்ப் பாடம் நடத்தும் மலைத் தோழர்களே!

2026 மார்ச் 31 நெருங்கிவிட்டது. பொதுத்தேர்வுப் பணி, தேர்தல் பயிற்சி, அடுத்து வீட்டுக் கணக்கெடுப்பு என்று தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. அதற்கு நடுவே இன்னொரு வேலையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதம் முடிவதற்குள் உங்கள் பக்க வருமானக் கணக்கை நீங்களே எழுதி முடியுங்கள். புரோக்கர் கையில் கொடுக்காதீர்கள்.

பக்க வருமானம் என்றதும் நம்மில் பலருக்குக் குரல் தாழ்ந்துவிடுகிறது. எதற்கு? அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரில் மரவள்ளி போடுகிறோம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கோ கச்சிராயபாளையம் ஆலைக்கோ கரும்பு வெட்டி அனுப்புகிறோம். மாடியை வாடகைக்கு விடுகிறோம். வீட்டில் மாடு கட்டிச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். விடைத்தாள் திருத்தப் போகிறோம். 2009 ஜூன் 1க்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அன்று நிர்ணயித்த அடிப்படை ஊதியம் 5,200. அதற்கு முன்பு சேர்ந்தவருக்கு 8,370. ஒரே வகுப்பறை, ஒரே வேலை. அந்தப் பள்ளத்தை இன்றுவரை மாடும் மரவள்ளியும்தான் நிரப்பிக்கொண்டிருக்கின்றன. உழைத்துச் சம்பாதித்ததைச் சொல்ல யாரும் கூச வேண்டாம்.

இப்போது நிலைமை என்ன? முன்பெல்லாம் பிப்ரவரி வந்தால் எல்.ஐ.சி. ரசீது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது, வீட்டுக்கடன் சான்று என்று 80சி-க்காக அலைவோம். புதிய வரி முறையில் அந்த ரசீதுகளுக்கு வேலை இல்லை. 2025-26ஆம் நிதியாண்டில் நிகர வருமானம் 12 லட்சம் வரை வரி கிடையாது. சம்பளக்காரருக்கு 75,000 நிலைக்கழிவையும் சேர்த்தால் 12,75,000 வரை கிடையாது. “அப்பாடா” என்று உட்கார்ந்துவிட்டோம். நான் பயப்படுவது அந்த ‘அப்பாடா’வுக்குத்தான். வரி இல்லை என்பது சம்பளத்தை மட்டும் வைத்து நாம் போட்ட கணக்கு. வாடகையும் வட்டியும் திருத்தும் பணி ஊதியமும் அதன்மேல் வந்து உட்காரும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

12 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மேல் வரி வராது என்று ஒரு சலுகை இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அதன் அர்த்தம்: 12 லட்சத்துக்கும் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் நடுவில் நீங்கள் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாயும் முழுசாக வரிக்கே போகிறது, 4 விழுக்காடு செஸ் தனி. நாட்டின் பெரும் பணக்காரர் கூட ரூபாய்க்கு ரூபாய் கட்டுவதில்லை, நாம் கட்டுகிறோம். ஆனால் இதன் மறுபக்கம்தான் நமக்கு வேண்டியது. அந்த இடைவெளியில் சட்டப்படி ஒரு ரூபாய் கழித்துக் காட்டினால் முழு ரூபாயும் மிஞ்சுகிறது.

ஒரு பட்டதாரி ஆசிரியரின் ஆண்டுச் சம்பளம் 12,40,000 என்று வைத்துக்கொள்வோம். நிலைக்கழிவு போக 11,65,000. மாடி வாடகை மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000. அவர் அதை “இதர வருமானம்” என்று மொத்தமாக எழுதினால் 12,37,000 ஆகிறது. வரி 37,000, செஸ் சேர்த்து 38,480. வாடகை வந்ததில் பாதிக்கு மேல் போயிற்று. அதையே வீட்டுச் சொத்து வருமானம் என்ற தலைப்பில் எழுதட்டும். கட்டிய வீட்டுவரி 2,000 கழியும். மிச்சம் 70,000-இல் 30 விழுக்காடு, அதாவது 21,000, எந்த ரசீதும் கேட்காமல் கழியும். புதிய வரி முறையிலும் இந்தக் கழிவு உண்டு. நிற்பது 49,000. மொத்தம் 12,14,000, வரியும் செஸ்ஸும் 14,560. எந்த இடத்தில் எழுதினோம் என்பதற்காக மட்டும் 23,920 ரூபாய் வித்தியாசம்! வாடகைக்கு விட்ட அந்த வீட்டின் மேல் கடன் இருந்தால் அதன் வட்டியும் வாடகையில் கழியும். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்து, இருவரும் தங்கள் சொந்தப் பணம் போட்டிருந்தால், வாடகை இரண்டாகப் பிரியும். ஆசிரியர் கணக்கு 12 லட்சத்துக்குள் இறங்கிவிடும். அதற்காக இன்று மனைவி பெயருக்கு மாற்றி எழுதி நாளை வாடகையைப் பிரிக்கப் பார்க்காதீர்கள். நம் பணத்தில் வாங்கி மனைவி பெயரில் போட்ட சொத்தின் வருமானத்தைச் சட்டம் நம் தலையிலேயே திருப்பிக் கட்டும்.

மரவள்ளிக்காரர்களே, உங்களுக்கு ஒரு சேதி. “விவசாயத்துக்கு வரி இல்லை” என்பது பாதி உண்மை. விவசாய நிகர வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால், வரி விகிதம் பார்ப்பதற்கு அதைச் சம்பளத்தோடு கூட்டுவார்கள். மேலே சொன்ன அதே ஆசிரியருக்கு வாடகை இல்லை, மரவள்ளியில் ஒரு லட்சம் லாபம் என்று கொள்ளுங்கள். 12 லட்சத்தைத் தொடவே இல்லை. ஆனாலும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வரி 64,750 வருகிறது. 12 லட்சம் வரை வரியை இல்லாமல் ஆக்கும் தள்ளுபடியின் உச்சவரம்பு 60,000. மீதி 4,750-ஐயும் செஸ்ஸையும் கட்டியே ஆக வேண்டும். அதனால் உழவுக்கூலி, கரணை, உரம், களையெடுப்பு, வண்டி வாடகை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். லாபம் என்பது செலவு போக நிற்பதுதான். சேகோ ஆலை எடைச்சீட்டில் இருக்கும் தொகை அல்ல. குத்தகைக்கு விட்டிருந்தால் அந்தக் குத்தகையும் விவசாய வருமானமே. 5,000-க்கு மேல் விவசாய வருமானம் உள்ளவர் ஐ.டி.ஆர்.-1 படிவம் போடக் கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பால் விஷயம் வேறு. பால் விற்ற காசு விவசாய வருமானம் ஆகாது, அது வியாபாரம். தீவனச் செலவு கழியும். இல்லையென்றால் 44ஏடி பிரிவில், வங்கி வழியே வந்த விற்பனைத் தொகையில் 6 விழுக்காட்டை லாபமாகக் காட்டலாம். நம் பெயரில் வியாபாரம் நடத்த 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் முன் அனுமதி கேட்கின்றன. அதனால் பால் அட்டை பெரும்பாலும் வீட்டுக்காரம்மா பெயரில் இருக்கும். மாடு வாங்கிய பணம் அவருடையதாகவே இருக்கட்டும்.

டியூஷன் வருமானத்தை எங்கே காட்டுவது என்று கேட்பீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர் தனிப்பயிற்சி எடுப்பதைத் தடை செய்கிறது. எடுக்காதீர்கள். இதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை.

மலைத் தோழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை நம் கல்வராயன்மலை. பட்டாச் சிக்கல் இன்னும் தீரவில்லை. பட்டா இல்லாத நிலத்தில் பயிர் செய்தாலும் அது விவசாய வருமானம்தான். எடைச்சீட்டையும் விற்ற ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்து, “மலையாளிப் பழங்குடி என்று சாதிச்சான்று இருக்கிறதே, எங்களுக்கு வருமான வரி கிடையாதாமே” என்று ஒரு பேச்சு மலையில் உலவுகிறது. அந்த விலக்கு 10(26) பிரிவில் இருக்கிறது. ஆனால் நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம், திரிபுரா, அருணாசலம், லடாக், அசாம் மேகாலய மலைப்பகுதிகள் போன்றவற்றில் வாழும் பழங்குடியினர் அங்கேயே ஈட்டும் வருமானத்துக்கு மட்டும்தான். கல்வராயன்மலைக்கு இல்லை. ஏன் இல்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இருக்கிறது என்று நினைத்து ரிட்டர்ன் போட்டால் நோட்டீஸ் வரும். பழைய வரி முறையில் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பகுதிப் படிக்கு மாதம் 200 ரூபாய் விலக்கு உண்டு. மலைப்படிக்கு 300 ரூபாய், அதுவும் பணியிடம் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருந்தால். இன்றைய விலைவாசியில் அந்த 200 ரூபாய் மலைக்கு ஒருமுறை போய்வரும் பெட்ரோலுக்கே காணாது!

அரியர் வாங்கியவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். தேர்வுநிலை, சிறப்புநிலை, ஊதிய நிர்ணயம் என்று முந்தைய ஆண்டுகளுக்கான நிலுவை இந்த ஆண்டு மொத்தமாக வந்து உங்களை 12 லட்சத்துக்கு மேல் தள்ளியிருந்தால், 89ஆம் பிரிவு நிவாரணம் இருக்கிறது. புதிய வரி முறையிலும் இருக்கிறது. ரிட்டர்ன் போடுவதற்கு முன் இணையத்தில் 10ஈ படிவம் போட வேண்டும். போடாமல் கேட்டால் மறுத்துவிடுவார்கள். களஞ்சியம் செயலியில் பழைய முறையா புதிய முறையா என்று ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டோமே என்று கலங்க வேண்டாம். வியாபார வருமானம் இல்லாதவர், கெடுவுக்குள் ரிட்டர்ன் போடும்போது மாற்றிக்கொள்ளலாம்.

புரோக்கர் விஷயத்துக்கு வருகிறேன். “சார், பிடித்த வரியில் முக்கால்வாசியைத் திருப்பி வாங்கித் தருகிறேன், கமிஷன் மட்டும் கொடுங்கள்” என்று பள்ளி வாசலுக்கே வருகிறார்கள். கொடுக்காத நன்கொடை, இல்லாத நோய், கட்டாத வாடகை, எல்லாம் அவர்கள் எழுதுவார்கள். கையெழுத்து மட்டும் நம்முடையது. 2025 ஜூலையில் வருமான வரித்துறை தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 150 இடங்களில் இதற்காகவே சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களே முன்வந்து 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றதாகவும் சொன்னது. பொய்க்கணக்கு என்று தீர்மானித்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். நோட்டீஸ் வரும்போது புரோக்கரின் போன் சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கும். யாராவது ஏற்கெனவே சிக்கியிருந்தால் ஒளிக்காமல் வாருங்கள். நோட்டீஸுக்கு முன்பே திருத்த ரிட்டர்ன் போட வழி இருக்கிறது, கூடுதல் வரி கட்ட வேண்டியிருக்கும், ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒரு கோரிக்கையும் நம்மிடம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் பள்ளி ஆசிரியரால் தன் கைக்காசில் வகுப்பறைக்கு வாங்கும் பொருளுக்கு 2025ஆம் ஆண்டுக்கு 300 டாலர் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ள முடிந்தது. நாம் சார்ட் அட்டை வாங்குகிறோம், கலர் பென்சில் வாங்குகிறோம், ஸ்மார்ட் போர்டுக்கு நம் மொபைல் டேட்டாவைப் போடுகிறோம். இந்திய வருமான வரிச் சட்டத்தில் இதற்கு ஒரு பைசா கழிவில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலாகிறது. பிரிவு எண்களெல்லாம் மாறுகின்றன, இந்த நியாயம் மட்டும் அதிலும் ஏறவில்லை. அடுத்த மாநாட்டுத் தீர்மானத்தில் இதை முதல் பக்கத்தில் போடுங்கள்.

அதுவரை செய்ய வேண்டியது நம் கையில். ஒவ்வொரு ஒன்றியத்திலும் இந்த மாதச் சனிக்கிழமைகளில் ஒரு பள்ளியில் கூடுவோம். கணக்கு ஆசிரியர்களே, வணிகவியல் ஆசிரியர்களே, நீங்கள்தான் முன்னால் உட்கார வேண்டும். வருகிறவர்கள் சம்பளப் பட்டியல், வங்கிப் பாஸ்புத்தகம், வீட்டுவரி ரசீது, சாகுபடிச் செலவு நோட்டு, வரித்துறைத் தளத்திலிருந்து எடுத்த ஆண்டுத் தகவல் அறிக்கை எல்லாம் எடுத்து வாருங்கள். பகுதிநேர ஆசிரியர்களையும் தனியார் பள்ளித் தோழர்களையும் கூப்பிடுங்கள். அவர்களுக்கு வரி இராது, ஆனால் வங்கி வட்டியில் டி.டி.எஸ். பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பும். ஏப்ரலில் 15ஜி போல வங்கி கேட்கும் உறுதிமொழிப் படிவத்தை முதலிலேயே கொடுத்துவிட்டால் பிடிக்கவே மாட்டார்கள்.

கல்வராயன்மலைத் தோழர்கள் வந்தால் அவர்கள் கணக்கை முதலில் போட்டு அனுப்புங்கள். அவர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது.