சைலன்சரை மாற்றியும் சத்தம் ஓயவில்லையா? தலைமடையைப் பாருங்கள்!

கேள்வி: “படப்பை பக்கம் கீரை, வெண்டை, கத்திரி பயிர் செய்கிறோம். சந்தைக்குச் சரக்கு ஏற்ற ஒரு பழைய டாடா 407 வைத்திருக்கிறோம். எங்களுக்கு முன் வைத்திருந்தவர், இழுவை கூடும் என்று மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, நான்கு குழாய்களை வளைத்துப் பற்றவைத்த ‘ஹெடர்’ போட்டிருக்கிறார். விடியற்காலை 3 மணிக்கு முடிச்சூர் சாலை வழியாகத் தாம்பரம் போகும்போது தெருவே எழுந்துவிடுகிறது. வண்டி ஓட்டும் என் மகனுக்குச் சந்தையில் இறங்கிய பிறகும் காதில் ரீங்காரம் நிற்பதில்லை. சைலன்சரை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை. ஹெடர் மேல் கல்நார்த் துணி சுற்றினால் தீருமா?”
- வாசகர், படப்பை

பயிருக்கு மருந்து சொல்பவரிடம் வண்டியைப் பற்றிக் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். விளைந்தது சந்தைக்குப் போய்ச் சேர்வதும் விவசாயம்தான். கேள்விக்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: துணி சுற்றுவதால் தீராது. தலைமடையில் உடைப்பு இருக்கும்போது கடைமடையில் வரப்பை உயர்த்தி என்ன பயன்? சைலன்சர் கடைமடை. உங்கள் வண்டியில் உடைப்பு இருப்பது தலைமடையில், அதாவது இன்ஜின் ஹெட்டை ஒட்டிய இடத்தில்.

சத்தம் பிறக்கும் இடம்

நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், நிமிடத்துக்கு 4,000 முறை புகை வெடித்து வெளியேறுகிறது. கம்பெனி கொடுக்கும் மேனிஃபோல்டு கனமான வார்ப்பிரும்பு. இரும்பு உரலைத் தட்டினால் ‘டொக்’ என்று அடங்கும். தகர டப்பாவைத் தட்டினால் அதிரும். மெல்லிய குழாயில் செய்த ஹெடர், தகர டப்பா ரகம். உள்ளே நடக்கும் ஒவ்வொரு வெடிப்புக்கும் குழாயின் சுவரே அதிர்ந்து ஒலிக்கும். அந்த ஒலி சைலன்சருக்குப் போகாமல் நேராக கேபினுக்குள் வரும்.

இன்னொன்று, கசிவு. பட்டறையில் பற்றவைத்த ஃபிளேஞ்சு, வெல்டிங் சூட்டில் சற்று வளைந்துவிடும். பேக்கிங் சரியாக உட்காராது. அந்தச் சந்து வழியே புகை ‘சட் சட்’ என்று பீறிடும்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க

காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது பாருங்கள். ஹெட்டும் ஃபிளேஞ்சும் சேரும் இடத்தில் கருப்புப் புகைக்கரி கோடாகப் படிந்திருந்தால் அங்கே கசிவு உண்டு. பிறகு சிறிய கைத்தெளிப்பானில் சோப்புத் தண்ணீர் எடுத்து, வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் இணைப்புகளில் மட்டும் லேசாக அடியுங்கள். குமிழி கிளம்பும் இடம்தான் ஓட்டை. விசிறியிலும் பெல்ட்டிலும் கை, துண்டு, வேட்டி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடேறிய பிறகு தண்ணீர் அடிக்கவே கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

ஸ்டார்ட் செய்தவுடன் ‘சட் சட்’ பலமாகக் கேட்டு, சூடானதும் குறைந்தால் அது பெரும்பாலும் பேக்கிங் கசிவு. இரும்பு விரிந்து சந்தை அடைத்துக்கொள்வதால் சத்தம் குறைகிறது. சூடான பிறகும் கணகணவென்று உலோக ஒலி நீடித்தால், குழாயே அதிர்கிறது என்று பொருள்.

என்ன செய்ய வேண்டும்?

நல்ல வழி, ஹெடரைக் கழற்றிவிட்டு அந்த இன்ஜினுக்கு உரிய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டையே திரும்பப் பூட்டுவது. சந்தைக்குப் போகும் சரக்கு வண்டிக்கு ஹெடரால் பெரிய ஆதாயம் கிடையாது. புதிது வாங்க முடியாவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகமாகத் தேடலாம். வாங்குமுன் நேரான இரும்புப் பட்டையை ஃபிளேஞ்சு முகத்தில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் லேத் பட்டறையில் முகத்தைச் சமப்படுத்த வேண்டும். விரிசல் இருந்தால் வாங்காதீர்கள். வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டிங் நிலைக்காது.

பேக்கிங் புதிதாக இருக்கட்டும். துருப்பிடித்த, முறிந்த ஸ்டட்களை மாற்றுங்கள். நட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரமாக, இரண்டு மூன்று சுற்றில் சீராக முடுக்க வேண்டும். ஒரு நாள் ஓட்டி, ஆறிய பின் மீண்டும் ஒருமுறை முடுக்கம் பாருங்கள். சைலன்சரைத் தாங்கும் ரப்பர்கள் அறுந்திருந்தால் மாற்றுங்கள். அவை இல்லாவிட்டால் அதிர்வு முழுவதும் சேஸியில் இறங்கி, கேபினே பறையடிக்கும்.

கையில் பணம் சேரும்வரை ஹெடரோடுதான் ஓட்ட வேண்டும் என்றால், கசிவையாவது உடனே நிறுத்துங்கள். போர்வெல்லில் மிஞ்சிய ஜி.ஐ. குழாயை வெட்டி ஒட்டுப் போட வேண்டாம். அதிலுள்ள துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகி, பற்றவைப்பவருக்குக் குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும்.

துணி ஏன் கூடாது?

சூடு தாங்கும் நார்த்துணி, சூட்டை அடக்கும். சத்தத்தைச் சிறிதளவே குறைக்கும். கசிவை மூடி மறைத்துவிடும். மழை ஈரத்தை வைத்துக்கொண்டு குழாயைத் துருவேற்றும். டீசலோ ஆயிலோ அதில் ஊறினால் தீப்பிடிக்கும். கல்நார் என்றால் இன்னும் மோசம். அதன் தூசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. சாக்கு, தேங்காய் நார் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கசிவு சத்தத்தோடு நிற்பதில்லை. பாரத்தோடு மேடேறும்போது புகையின் சூடு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காய்ந்த வைக்கோல் கருகிப் புகைய அதைவிடக் குறைந்த சூடே போதும். அறுவடைக் காலத்தில் இதே வண்டியில் வைக்கோல் ஏற்றுவீர்கள் என்றால், கசிவை அடைக்கும்வரை ஏற்றாதீர்கள். கேபினுக்குள் புகையும் நுழையும். ஓட்டும்போது தலைவலி, மயக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டி, கீழே இறங்கிவிட வேண்டும்.

மகனின் காது

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி, மகனின் காது ரீங்காரம். காதுக்குள் இருக்கும் நுண்ணிய உணர்மயிர்ச் செல்கள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை, நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம். கேபினில் பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அளவு தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைச் சரிசெய்வதோடு அவரைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடமும் காட்டுங்கள்.

ஊரும் சட்டமும்

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டைப் பக்கம் சரக்கு கொண்டு போனால், வழியில் சானடோரியம். 1928-ல் தொடங்கிய நெஞ்சக நோய் மருத்துவமனை அங்கே இருக்கிறது. மூச்சுக்குத் திணறி, அப்போதுதான் கண்ணயர்ந்த நோயாளிகளை உங்கள் வண்டி எழுப்பக் கூடாது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, அமைதி மண்டலத்தில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சுற்றுப்புற ஒலி 40 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் 45.

சைலன்சர் இல்லாமல் எந்த மோட்டார் வாகனமும் ஓடக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 120. விவசாய டிராக்டரும் அதில் அடக்கம். ஒலி மாசுத் தரத்தை மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் 3 மாதம் முடங்கும். கீரைக்கட்டு விற்று அதைக் கட்ட முடியுமா? எஃப்.சி.க்குப் போகும்போது பழைய மேனிஃபோல்டை மாட்டி, பிறகு கழற்றலாம் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. காது வருடம் முழுவதும் உங்களுடையது.

ஆகவே நாளைக் காலை சோப்புத் தண்ணீர்ச் சோதனை. இந்த வாரமே புதிய பேக்கிங். அடுத்த நல்ல விலை கிடைத்ததும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு. மூன்றாவது சைலன்சர் வாங்கிவிடாதீர்கள்.