கிரிப்ஸும் நம் பத்திரிகைகளும்

மாஸ்கோவில் பிரிட்டிஷ் தூதராயிருந்து பின்பு மந்திரியான சர் ஸ்டாபோர்டு கிரிப்ஸ், 1942 மார்ச்சில் டில்லிக்கு வந்து அரசியல் சீர்திருத்தம் பேசினார். தேசீயப் பத்திரிகைகளுக்கு நல்ல வேட்டை! காங்கிரசு ஏன் வேண்டாமென்றது, லீக் ஏன் வேண்டாமென்றது, ராணுவ இலாகா யார் கைக்கு என்று எழுதித் தள்ளின. விழுப்புரம் ஜங்ஷனில் பத்திரிகை வாங்கியவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் இதுவே.

யுத்தம் முடிந்தபின் மாகாணச் சட்டசபைகளே அரசியல் நிர்ணய சபையைத் தேர்ந்தெடுக்கும் என்பது கிரிப்ஸ் திட்டம். அச்சட்டசபைகளுக்கு ஓட்டுப் போடுகிறவர் யார்? 1935-ம் வருஷச் சட்டப்படி பெரும்பாலும் சொத்தோ, வரியோ, படிப்போ உடையவர்கள். திண்டிவனம் பக்கத்தில் பிறத்தியார் மல்லாட்டைக் கொல்லையில் கூலிக்குக் களைவெட்டும் பெண்ணுக்கு அதில் இடமேது? அவள் புருஷனுக்குத்தான் ஏது? இதற்கு எத்தனை பத்தி ஒதுக்கினார்கள் என்று கேட்கின்றோம்.

மார்ச்சு 30-ந் தேதி ஈ.வெ.ராமசாமி முதலிய ஜஸ்டிஸ் கட்சியார் கிரிப்ஸைக் கண்டபோது, ஓட்டர்களைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளும்படியே அவர் சொன்னார். எந்த ஓட்டர்களை?

1946-ல் கூடிய அரசியல் நிர்ணய சபைக்கும் அதே குறுகிய ஓட்டில் வந்த சட்டசபைகளே ஆள் அனுப்பின. களைவெட்டுகிறவள் ஓட்டுச்சாவடிக்குப் போனது 1952-ல். அதற்குள் சட்டம் எழுதி முடிந்து இரண்டு வருஷமாகிவிட்டது.