சாலைக்கு நிலம் எடுக்குமுன்

சிங்கூரை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துர்காபூர் விரைவுச்சாலையோரம் 2006இல் எடுத்த விளைநிலத்தை, ஆட்சேபங்களை முறையாக விசாரிக்கவில்லை என்று 2016இல் உச்சநீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொல்லிற்று. தமிழகத்திலும் அதே கேள்விதான் நிற்கிறது.

2013ஆம் ஆண்டு மைய நிலச் சட்டத்தோடு முரண்படுவதால், தமிழகத்தின் 2001 நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட மூன்று சட்டங்களின் நிலமெடுப்பு செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சட்டமன்றம் புதுச்சட்டம் இயற்றி, 2013 முதலே அவற்றுக்கு உயிரூட்டியது. 2021இல் உச்சநீதிமன்றமும் ஏற்றது.

மாநில உரிமை என்ற அளவில் இதை வரவேற்கிறோம். நட்டஈடும் மறுவாழ்வும் மைய சட்டத்தின் அளவுப்படியே, அதில் குறையில்லை. ஆனால் நிலமெடுக்குமுன் எவர் பிழைப்பு போகும் என்று ஊராரிடம் கேட்டறியும் சமூகத் தாக்க மதிப்பீடு நெடுஞ்சாலைக்குக் கட்டாயமில்லை. குத்தகைக்காரனும் கூலியாளும் யாரிடம் போய் முறையிடுவது? அந்த மதிப்பீட்டைச் சட்டத்திலேயே சேர்க்கும்படி தமிழக அரசை வற்புறுத்துகிறோம்.

நம்மவர்களுக்கும் ஒரு சொல். காலமான தாத்தா பெயரிலேயே பட்டாவை விட்டுவிட்டு லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தால், அறிவிப்பு எந்த வாசலைத் தட்டும்? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள்.