கட்டு இல்லாத காயம்

கை முறிந்தவனுக்கு மாவுக்கட்டு சாட்சி. அதைப் பார்த்தால் மேஸ்திரியும் வாயை மூடிக்கொள்வான். தலையில் இலேசாக அடிபட்டவனுக்கு எது சாட்சி? ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நெற்றித் தையலும் ஆறிவிட்டது. ஆனால் தலைவலி விடவில்லை. குனிந்தால் கிறுகிறுக்கிறது. வெயிலும் இரைச்சலும் பொறுக்கவில்லை, சொன்னது மறக்கிறது, பெண்டாட்டி பிள்ளைகள்மீது காரணமில்லாமல் சீறுகிறான். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறான் என்கிறது ஊர்!

கள்ளமல்ல, தோழர்களே! ஸ்கேன் காட்டுவது இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். அதிர்ந்துபோன மூளையின் தடுமாற்றம் அதில் தெரியாது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு மூன்று மாதம் கடந்தும் தொல்லை நீடிக்கிறது.

இந்தச் சந்தேகம் இன்று நேற்றுப் பிறந்ததல்ல. இரயில் விபத்தில் பெரிய வெளிக்காயமின்றித் தப்பியவர்கள் மாதக்கணக்கில் அவதிப்படுவதை 1866-இல் இலண்டன் மருத்துவர் எரிக்சன் எழுதினார். முதுகுத்தண்டே காரணம் என்று அவர் நினைத்தது வேறு விஷயம். நோயாளியின் பேச்சை நம்பினாரே! இரயில்வே கம்பெனிகளோ, நஷ்டஈட்டுக்குப் போடும் வேஷம் என்று கோர்ட்டில் வாதாடின.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து இறங்கும் வளைவுகளில் பைக் சறுக்குகிறது. கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சாலை விபத்தென்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்ற திட்டமும் 2021 டிசம்பரில் வந்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. நாற்பத்தொன்பதாவது மணி நேரத்தில் என்ன? அதைத்தான் கேட்கிறோம். மலைக்குத் திரும்பியவன் கூலி போகிறதே என்று மறுநாளே மூட்டை தூக்குகிறான்.

வேலையில் அடிபட்டுத் தற்காலிகமாக முடங்கியவனுக்கும் நஷ்டஈடு உண்டென்று 1923-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. மஸ்டர் ரோலில் பெயரில்லாத கூலிக்காரன் எதைக் காட்டி அதைக் கேட்பான்? ஆகவே, வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலேயே, எத்தனை நாள் பாரம் தூக்கக்கூடாது, எந்தத் தேதியில் திரும்ப வரவேண்டும் என்று தமிழில் எழுதித் தரட்டும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து கொண்டுபோகும் ஊழியர், தலையில் அடிபட்டவனையும் அதே நடையில் விசாரிக்கட்டும்.

கிளைத் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம் கண்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள். மற்றபடி இரண்டு நாள் ஓய்வு, பிறகு சிறுகச் சிறுக நடை. வாரக்கணக்கில் பாயில் கிடக்க வேண்டியதில்லை. தேறும்வரை சாராயம் கூடாது, பைக் கூடாது, மரமேறக் கூடாது. இலேசான வேலை கேட்டு அவன் மேஸ்திரியிடம் போகும்போது, இரண்டு பேராவது கூடப் போங்கள்.