காப்புரிமை பெற்றால் குணமாகிவிடுமா?

அம்பத்தூர், ஆவடி பட்டறைகளில் நாள் முழுக்க ஷூ போட்டு நிற்பவர்களுக்குக் கால் நகம் மஞ்சளாகித் தடித்துப்போவது புதிதல்ல. கூச்சத்தால் டாக்டரிடம் போகாமல், கைப்பேசி விளம்பரத்தை நம்பி எண்ணெயும் க்ரீமும் வாங்குகிறவர்கள் ஆவடியின் கோவில்பதாகையிலும் உண்டு. 'காப்புரிமை பெற்றது' என்ற ஒரு வரி போதும், நம்பிக்கை வந்துவிடுகிறது. நோயாளியை ஏமாற்றும் இந்த வரியை மருந்து விளம்பரங்களிலிருந்து நீக்க வேண்டும்.

கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகம் பார்ப்பது, கண்டுபிடிப்பு புதியதா, தெரிந்ததைத் தாண்டியதா, தொழிலுக்கு உதவுமா என்பதைத்தான். எத்தனை பேருக்குக் குணமானது என்று அது கேட்பதில்லை. அந்தக் கேள்வி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையைச் சேர்ந்தது. புதியதா என்பதிலேயே அலுவலகங்கள் சறுக்குவதும் உண்டு. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. நம் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு போராடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது.

முறைப்படி சோதித்து வந்த மருந்தின் கதையையும் பாருங்கள். நகப் பூஞ்சைக்கான டாவபோரோல் காப்புரிமை பெற்றது. 2014-இல் அமெரிக்க மருந்துத் துறையின் அனுமதியும் பெற்றது. 48 வாரம் தினமும் தடவ வேண்டும். இரண்டு பெரிய சோதனைகளில் முழுக் குணம் கண்டவர்கள் 6.5 சதவீதமும் 9.1 சதவீதமும்தான். நம்மூர் விளம்பரமோ ஒரே மாதத்தில் நகம் பளிச்சிடும் என்கிறது! கால் பெருவிரல் நகம் முழுதாக வளரவே ஓராண்டுக்கு மேல் ஆகும்.

கண்டுபிடிப்பாளர்களை நாம் குறை சொல்லவில்லை. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஞ்சிவப்பாக மாறும். அந்தப் பழைய தைலத்திலிருந்து சென்னைச் சித்த மருத்துவர் ஜே.ஆர். கிருஷ்ணமூர்த்தி '777' எண்ணெயை உருவாக்கினார். மத்திய அரசின் சித்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதைச் சோரியாசிஸ் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது. விற்பவர்கள் காட்ட வேண்டியது இப்படிப்பட்ட சோதனை முடிவைத்தான்.

'காப்புரிமை பெற்றது' என்ற வரியை நீக்கப் புதுச் சட்டம் தேவையில்லை. மருந்தின் தன்மை குறித்துத் தவறான எண்ணம் தரும் விளம்பரத்தை 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகர விளம்பரச் சட்டம், 4-ஆவது பிரிவிலேயே தடுக்கிறது. அதைப் பயன்படுத்தத்தான் ஆளில்லை. ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் உத்தரவு வந்தது. அதையும் கடைகளில் கறாராகச் செயல்படுத்த வேண்டும். படர்தாமரை மருந்துக்கு அடங்காமல் போவதற்கு இந்தக் க்ரீம்களும் ஒரு காரணம்.

பூஞ்சையும் சோரியாசிஸும் நகத்தில் ஒன்றுபோலவே தெரியும். நகத்தைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனை பூஞ்சை இருக்கிறதா என்று காட்டிவிடும். ஆவடி வட்டாரத்தின் ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தும் இந்தச் சோதனைக்கு அனுப்ப அரசு வழி செய்ய வேண்டும். வாசகர்களும் அந்தச் சோதனை முடிவு வரும்வரை எந்தக் குப்பிக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.