தெருவைக் காக்காத மரபுச் சட்டம்

தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 2024இல். கோயில்களும் தொல்லியல் சின்னங்களும் சீரழிவது குறித்துத் தானாக முன்வந்து விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம், 2021 ஜூன் 7 அன்று 75 உத்தரவுகளைப் பிறப்பித்து, 17 உறுப்பினர் கொண்ட ஆணையத்தை அமைக்கச் சொன்ன பிறகும் அரசு அசைவதற்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. இந்தத் தாமதத்தைக் கண்டிப்போர் பலர் உண்டு. தாமதத்தைவிடப் பெரிய கோளாறு, மாநிலம் முழுமைக்கும் ஒன்றாக, அரசுக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பாக அந்த ஆணையம் வகுக்கப்பட்டிருப்பதுதான்.

அதன் விளைவைத் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, போளூர் வட்டாரத்தில் காணலாம். போளூருக்கு அருகே திருமலையில், முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயர் தாங்கிய சமணப் பள்ளியும், குகை ஓவியங்களும், இராசேந்திரனின் கங்கைப் படையெடுப்பைச் சொல்லும் பாறைக் கல்வெட்டும் உள்ளன. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இத்தகைய சின்னங்களைச் சுற்றி, 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது; அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். அந்த எல்லையைத் தாண்டினால் பாதுகாப்பென்று எதுவும் இல்லை. ஆரணி ஜாகீர்தார் பூசிமலைக்குப்பத்தில் கட்டிய மாளிகை காட்டோரம் சிதைந்து கிடக்கிறது. அதுவாவது கண்ணில் படும் சிதைவு. பட்டுக்குப் பேர்போன ஆரணியின் நெசவுத் தெருக்கள் சிதைவது எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

பட்டு நெசவாளர் வீடு தறியைச் சுற்றிக் கட்டப்பட்டது. தரையில் குழி வெட்டி, நெய்பவர் அதில் கால் வைத்து மிதிபலகையை இயக்கும் குழித்தறிக்குத் தரைத்தளம் வேண்டும். சேலைக்கு உருவம் எடுக்கும் ஜக்கார்டு பெட்டியைத் தறிக்கு மேலே ஏற்றக் கூரைக்கு உயரம் வேண்டும். பாவு, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகள், விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டு, அறுந்த இழைகள் ஒவ்வொன்றாக முடியப்படுகின்றன. தெருவின் நேரும் அகலமும் இங்கே தொழிற்கருவிகள். ஒரு வீட்டை இடித்துக் கான்கிரீட்டில் எழுப்பி, வண்டி ஏறச் சாய்தளத்தைத் தெருவுக்குள் நீட்டிவிட்டால், அந்த வரிசை முழுவதற்கும் பாவு இழுக்க இடமில்லாமல் போகிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்த அரசு, துணிக்குக் கொடுத்த காப்பை அது பிறக்கும் வீட்டுக்குக் கொடுக்க நினைக்கவில்லை.

நியூயார்க் நகரத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள். 1965 ஏப்ரலில் நகரத்துக்கென்று மரபுச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஒன்றரை ஆண்டு எங்கே, 12 ஆண்டு எங்கே! அச்சட்டத்தின்படி இயங்கும் நகர ஆணையத்தின் 11 உறுப்பினர்களில் கட்டடக் கலைஞர்களும் வரலாற்றாய்வாளரும் மட்டுமன்றி, மனைத் தொழில் அறிந்தவர் ஒருவரும், நகரின் ஐந்து பகுதிகளிலிருந்தும் குறைந்தது ஒருவரும் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். தனிக் கட்டடங்களோடு முழுத் தெருக்களையும் மரபு வட்டாரமாக அறிவிப்பதால், 37,000க்கும் மேற்பட்ட கட்டடங்களும் மனைகளும் இன்று அதன் காப்பில் உள்ளன. அறிவிக்கப்பட்ட கட்டடத்தில் கைவைக்க உரிமையாளர் முன் அனுமதி பெற வேண்டும். இதை எதிர்த்த வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 1978இல் நகரத்தின் பக்கமே நின்றது. வானுயர்ந்த கட்டடங்களின் தலைநகருக்கு இது இயலுமென்றால், ஓட்டு வீடுகள் நிறைந்த ஆரணிக்கு ஏன் இயலாது?

ஆரணிக்கும் இப்படி ஓர் உள்ளூர்க் குழு வேண்டும் என்றதும் எழும் மறுப்புகள் சலிப்பூட்டுபவை. சொத்துரிமை பறிபோகும் என்பது வீட்டுமனைத் தரகரின் கவலையே தவிர வேறில்லை. சிற்றூர்களில் வல்லுநர் இல்லை என்பார்கள். எந்தச் சுவர் எப்போது எழுந்தது என்பதை அந்தத் தெருவில் மூன்று தலைமுறையாக நெய்பவரைவிடக் கோட்டை அதிகாரி அறிந்துவிடப் போவதில்லை. தொலைவிலிருந்து காக்கும் லட்சணமும் தெரிந்ததே: நாட்டில் மத்தியக் காப்பில் இருந்த 3,693 சின்னங்களில் 50ஐக் காணவில்லை என்று மத்தியக் கலாச்சார அமைச்சகமே நாடாளுமன்றக் குழுவிடம் 2022இல் ஒப்புக்கொண்டது. அவற்றில் 24 எங்கே இருந்தன என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. சென்னை பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு உயர்நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி 2010இலேயே மரபுக் காப்புக் குழு கிடைத்தது. அண்ணா சாலைக் கட்டடத்துக்கு ஒரு நீதி, ஆரணித் தெருவுக்கு ஒரு நீதியா?

ஆகவே ஆரணி நகராட்சியும் போளூர் உள்ளாட்சியும் மாநில ஆணையத்தின் வாயைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. நெசவாளர், கொத்தனார், வரலாற்று ஆசிரியர், மன்ற உறுப்பினர் ஆகியோரைக் கொண்ட குழுவை அமைக்கவும், அதன் ஒப்புதலின்றி நெசவுத் தெருக்களில் இடிப்பு அனுமதி வழங்காதிருக்கவும் அடுத்த மன்றக் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்பட்டும். அரசு அதை ஏற்காவிட்டால், பத்தாண்டுகளில் ஆரணிப் பட்டு என்ற பெயரில் விற்கும் சேலை ஆரணியில் நெய்யப்பட்டதாக இராது.