யாப்பாவின் பழமை

டெல் அவீவை ஒட்டிக் கடலோரக் குன்றின் மேல் நிற்கிறது பழைய யாப்பா. பார்க்க வேண்டிய ஊர்தான். ஆனால் ‘பழமை மாறாத ஊர்’ என்று புகழ்கிறார்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

சந்துகளுக்கு மேஷம், ரிஷபம், மீனம் என்று ராசிப் பெயர்! ஜோசியப் பிரியர்களுக்கு வெகு சௌகரியம். என் ராசிச் சந்திலும் போய் நின்றேன். சித்திரக் கடைதான் இருந்தது. குடியிருந்தவர்கள் எங்கே?

1936-ல் அரபுக் கிளர்ச்சியை அடக்க வந்த பிரிட்டிஷ் பட்டாளம், ஊரைச் சீர்திருத்துவதாகச் சொல்லிக்கொண்டே வீடுகளை வெடிவைத்துத் தகர்த்து வழி உண்டாக்கிற்று. 1948 யுத்தத்துக்கு முன் யாப்பா நகரில் சுமார் 70,000 அரபு மக்கள். பிறகு மிஞ்சியவர்கள் சுமார் 4,000. படகேறிப் போனவர்களைத் திரும்ப விடவில்லை. 1960-களில் குன்றைப் புதுப்பித்துக் கலைஞர்களைக் குடிவைத்தார்கள். பிறர் வீட்டு வாசற்படியை மெருகேற்றுவதற்குப் பெயர் பழமையைக் காப்பதாம்!

கடலில் ஒரு பாறையைக் காட்டி, கிரேக்கக் கதையில் ஆண்ட்ரோமீடாவைச் சங்கிலியால் பிணைத்த இடம் என்கிறார்கள். கதைப் பெண்ணுக்கு விலாசம் இருக்கிறது. நிஜமாக வாழ்ந்தவர்களுக்கு ஏன் இருக்கக் கூடாது? ராசிப் பலகைக்குப் பக்கத்தில் அந்தந்த வீட்டுக்காரர் பெயரையும் எழுதி வைக்கட்டும். பழமையைப் பற்றி அப்புறம் பேசலாம்.